குலமானி

குலமானி என்று அந்தக் கருவிக்குப் பெயர் வைத்த ஆளை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். வெப்பமானி வெப்பத்தை அளக்கும். மழைமானி மழையை அளக்கும். குலத்தை அளக்க ஒரு மானியா? அதை விற்க ஒரு கம்பெனி, வாங்க ஒரு சங்கம், அதன் முன்னால் பதினொரு மாதக் குழந்தையின் விரலை நீட்ட ஒரு குடும்பம்!

குழந்தை என் தங்கை தமயந்தியின் மகன். அவள் புகுந்த வீட்டார் காங்கேயம் பக்கம். அவர்கள் கூட்டத்துக் குலதெய்வக் கோயில் மண்டபத்தில் அன்று மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. கூட்டம் என்றால் ஒரே பாட்டன் வழியில் வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் பங்காளிகள். முன்பெல்லாம் அப்படிச் சொன்னாலே போதும். இப்போது சில வருடங்களாக நிரூபிக்கவும் வேண்டியிருக்கிறது. ஆண் குழந்தை என்றால் காதில் குத்துவதற்கு முன் விரலில் குத்துவார்கள். டிபன் கேரியர் அளவுக்கு இருக்கும் அந்தப் பெட்டி, ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோம் என்கிற இழையில் ஒரு பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்துவிடும். நாம் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். சங்கம் பதிந்து வைத்திருக்கும் 'மூல வரிசை'யோடு அச்சு அசலாக ஒத்துப்போனால் பச்சை விளக்கு. ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. பெண் குழந்தைகளுக்குச் சோதனை கிடையாது. அவர்களிடம் அந்த இழை இல்லை. எப்படியும் வேறு வீட்டுக்குப் போகிறவர்கள்தானே!

நான் மரபணு ஆராய்ச்சியில் இருபது வருடம் குப்பை கொட்டியவள். இந்தக் கூத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அன்று போனது சண்டை போடுவதற்காக இல்லை, மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளத்தான். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. தாய்மாமன் மடிக்குப் பதிலாகப் பெரியம்மா மடி ஆகாதா என்று சங்கத் தலைவர் சென்னியப்பனிடம் முன்கூட்டியே போனில் கேட்டுப் பார்த்தேன். "பொம்பள மடில காது குத்துனா ஆகாதுங்க அம்மணி. நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கடைசியில் எங்கள் பெரியப்பா மகன் ஒருவரைப் பிடித்து, புது வேட்டி எடுத்துக் கொடுத்து, ஒப்புக்கு மாமனாக உட்கார வைத்தோம்.

சோதனைக்கு முன் தலைவர் மைக்கைப் பிடித்தார். எழுபது வயது இருக்கும். நல்ல வாட்டசாட்டம்.

"இந்த மண்டபம் எப்படி வந்துச்சுன்னு எல்லாத்துக்கும் தெரியும். எனக்கு ரத்தத்துல புத்து வந்து, டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. பொறவு எலும்புக்குள்ள இருக்கற மச்சைய மாத்துனாங்க. எங்கியோ இருந்து ஒரு புண்ணியவான் குடுத்தான். ஆத்தா கண்ணத் தொறந்தா. ரத்த குரூப்பே மாறிப்போச்சுங்க! புது ரத்தம் குடுத்தவளுக்கு மண்டபம் கட்டிக் குடுத்தேன். கூட்டத்துல கலப்படம் வரக்கூடாதுன்னு இந்த மிசினையும் வாங்கி வெச்சேன். எம் பேரனுக்கே செவப்பு வந்துச்சு. எம் மருமகள அன்னைக்கே அனுப்பி வெச்சேனா இல்லியா? நாயம்னா நாயம்."

கைதட்டினார்கள். சொந்த மருமகளைக் கைக்குழந்தையோடு விரட்டியதற்குக் கைதட்டல்! பின்வரிசையில் அவர் மனைவி தெய்வானை மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பிறகு தமயந்தியின் மகனுடைய விரலில் குத்தினார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்த குழந்தை வீறிட்டு அழுதது.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

பின்கட்டில் கிடா விருந்துக்குக் கொதித்துக்கொண்டிருந்த குழம்பின் சத்தம் கேட்கிற அளவுக்கு மண்டபம் அடங்கிப்போனது. மாமனாக வந்தவர் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவினார். தமயந்தியின் கணவன் மௌலீஸ்வரன் பட்டு வேட்டியும் மாலையுமாக நின்றுகொண்டிருந்தான். அவன் அப்பாவாகி ஒரு வருடம் கூட ஆகவில்லை. குழந்தையின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்தான். எடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கேட்டான்.

"யாரோட பையன் தமா?"

என் தங்கை அவனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கையில் இருந்த சீர்த்தட்டைத் தரையில் வைத்துவிட்டு மேடைக்குப் போனேன்.

"எத்தன எழுத்து மாறியிருக்கு?" என்று ஜெரோமைக் கேட்டேன். கருவியை இயக்கக் கம்பெனி அனுப்பிய ஆள் அவர்.

"அது தெரியாதுங்க மேடம். பச்ச, செவப்பு மட்டுந்தான் காட்டும். உள்ள போய்த்தான் பாக்கோணும்."

"போய்ப் பாருங்க."

அவர் தலைவரைப் பார்த்தார். "பாரு தம்பி. படிச்ச புள்ள கேக்குது" என்றார் சென்னியப்பன் பெருந்தன்மையாக.

ஜெரோம் திரையில் எதையோ தட்டித் தட்டித் தேடினார். "ஒண்ணு மேடம்."

"எத்தனைல ஒண்ணு?"

"மூணு லட்சத்துச் சொச்சத்துல."

"கேட்டுக்கங்க எல்லாரும்!" என்று மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினேன். "மூணு லட்சம் எழுத்துல ஒண்ணே ஒண்ணு. வேற கூட்டத்து ஆளோட பையனா இருந்தா இருபது முப்பதாவது மாறியிருக்கும். இந்தக் குழந்த மௌலியோட குழந்தைங்கறதுக்கு இத விட வேற என்ன சாட்சி வேணும்?"

"ஒண்ணுன்னாலும் மாத்தம் மாத்தந்தானுங்க அம்மணி" என்றார் சென்னியப்பன். "அப்பங்கிட்ட இருக்கறது மகனுக்கு அப்படியே போவும்னு உங்களையாட்டம் படிச்சவங்கதான சொன்னீங்க?"

"மாமா, டிஎன்ஏங்கறது முறுக்கி விட்ட ஏணி மாதிரிங்க. ரெண்டு பக்கமும் கட்டை, நடுவுல படி. ஒவ்வொரு படியும் ரெண்டு எழுத்து சேந்தது. இந்தப் பக்கம் ஏ இருந்தா அந்தப் பக்கம் டி. இங்க ஜி இருந்தா அங்க சி. செல்லு ரெண்டாகறதுக்கு முன்னால, ஜிப்பக் கழட்டுன மாதிரி ஏணி நடுவுல பிரியும். ஒவ்வொரு பாதியும் தனக்கு எதிர்ப்பாதியப் புதுசாக் கட்டிக்கும். ஒரு ஏணி ரெண்டாயிரும். ரெண்டுலயும் ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு."

"அதத்தான நாங்களும் சொல்றம். அப்படியே நகலு."

"கட்டற வேகத்துல எப்பவாச்சும் ஒரு எழுத்து தப்பாப் போயிருமுங்க. அதத் திருத்தறதுக்கும் உள்ளயே ஏற்பாடு இருக்கு. அதையும் மீறி ஒண்ணு ரெண்டு தங்கிப்போகும். இங்க உக்காந்திருக்கற ஒவ்வொருத்தருக்கும், அப்பா அம்மாகிட்ட இல்லாத புது எழுத்து உடம்பு பூராத் தேடுனா அம்பது அறுபதாச்சும் இருக்கும். எனக்கு இருக்கு. உங்களுக்கும் இருக்கு."

"எனக்கு இருக்காது" என்றார் சென்னியப்பன்.

எவ்வளவு நிச்சயம்! இருபது வருடம் படித்த எனக்கு எந்த விஷயத்திலும் அப்படி ஒரு நிச்சயம் வாய்த்ததில்லை.

"சரிங்க, இன்னொண்ணு சொல்றேன். உங்க அப்பா குடுத்த அந்த முதல் ஏணி இருக்குதே, அதுல ரெண்டே கட்டை. நீங்க அம்மா வயித்துல ஒரு செல்லா இருந்து இத்தன பெரிய ஆளா ஆகறதுக்குள்ள அது கோடிகோடி நகல் ஆயிருச்சு. அந்தப் பழைய கட்டை ரெண்டும் இப்ப உங்க உடம்புல எங்க கெடக்குதோ, இல்லியோ. மத்ததெல்லாம் புதுசாக் கட்டுனது. கட்டறதுக்குச் சாமான் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? தின்ன சோத்துல இருந்துங்க மாமா. கொள்ளுப் பருப்புல இருந்து, தயிருல இருந்து. உங்க காட்டுல களையெடுத்தது யாரு? கட்டுத்தறில பால் கறந்தது யாரு? அவங்க கை படாத ஏணி ஒண்ணு கூட உங்க உடம்புல கெடையாது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பலரும் நினைத்தது முகங்களில் தெரிந்தது. நான் வேண்டுமென்றேதான் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, "வெளியூர்ப் பொம்பளைக்கு இங்க என்ன பேச்சு? அந்தப் புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பச் சொல்லுங்க" என்றார். மௌலீஸ்வரன் தலையைக் குனிந்து மாலையின் பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். விட்டால் தன் பெயரையே கேட்டாலும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பான் போலிருந்தது.

"கெளம்பறமுங்க" என்றேன். "அதுக்கு முன்னால ஒண்ணு. தலைவரு அந்த மிசின்ல ஒருக்கா விரல வெச்சிருக்கீங்களா?"

வைத்ததில்லை. மூல வரிசை எடுத்தது, இப்போது காலமாகிவிட்ட ஒரு மூத்த பங்காளியிடமிருந்து. தலைவரைச் சோதிக்க யாருக்குத் தைரியம் வரும்?

"வெச்சாப் போச்சு!" சென்னியப்பன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "எனக்கென்ன பயம்?"

நான் மனசாட்சியோடுதான் நடந்துகொண்டேன். "மாமா, ரத்தம் வேண்டாமுங்க. தலையில இருந்து வேரோட ஒரு முடி புடுங்கிக் குடுங்க. உங்க விசயத்துல அதுதான் சரியாச் சொல்லும்" என்றேன்.

மண்டபமே சிரித்தது.

"மசுரப் பாத்துக் குலத்தக் கண்டுபுடிக்கோணுமா?" என்றார். "ரத்தம் அம்மணி, ரத்தம்! எங்க பாட்டன் ரத்தம் ஓடுது இதுல."

"ரத்தம் செவப்பா இருக்கறதுக்குக் காரணமான அணுவுல டிஎன்ஏவே கெடையாதுங்க. கூட ஓடற வெள்ளை அணுவுலதான் இருக்கு. அது எலும்பு மச்சைல இருந்து வருது. மறுபடியும் சொல்றேன், முடி குடுங்க."

"தம்பி, நீ குத்து" என்று ஜெரோமிடம் விரலை நீட்டினார்.

ஜெரோம் குத்தினார். காபி குடிக்கும் நேரம்தான். தலைவர் மேடையில் நின்றபடியே பருத்திப் பஞ்சால் விரலை அழுத்திக்கொண்டு, யாரிடமோ இலை போடலாம் என்று கண்ணைக் காட்டினார்.

பச்சையும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை. பெட்டி விட்டுவிட்டுக் கூவியது. ஜெரோம் திரையைப் பார்த்தார், துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"என்ன தம்பி?"

"இன்னொருக்காப் போட்டுப் பாக்கறனுங்க."

இன்னொரு விரல். மறுபடியும் அதே கூவல்.

"படிங்க" என்றேன். எனக்கும் புரியவில்லை. சிவப்பு வரும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

ஜெரோம் திரையைப் பார்த்துப் படித்தார். "'ஆண் இழை இல்லை. பெண்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை' அப்படீன்னு வருதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பந்தல்காரர் ஒருவர் மட்டும் இருமுகிற மாதிரி ஏதோ செய்துவிட்டு வெளியே போனார். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. புண்ணியவான் என்றாரே, புண்ணியவதி!

"மிசினு கெட்டுப்போச்சு" என்றார் முன்வரிசைக்காரர்.

"ஆமாங்க, கெட்டுப்போச்சு" என்று நாலு குரல்கள் சேர்ந்துகொண்டன.

"எப்ப இருந்துங்க கெட்டுப்போச்சு?" என்று கத்தினேன். "இப்பத்தானா? கொஞ்ச நேரத்துக்கு முன்னால எந்தங்கச்சி மானத்த வாங்குனப்ப நல்லாத்தான இருந்துச்சு? இத்தன வருசமா எத்தன வீட்டுப் பொம்பளைகள வெளிய அனுப்புச்சு, அப்பெல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?"

சென்னியப்பன் மட்டும் மிஷினைக் குறை சொல்லவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "அம்மணி, இது எப்படி?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"மச்சை மாத்துனாங்களே மாமா. அன்னைல இருந்து உங்க உடம்புல ரத்தம் பண்றது அவங்க குடுத்த செல்லு. ஒவ்வொரு நாளும் ஏணி பிரிஞ்சு, நகல் எடுத்து, புது ரத்தமா ஓடுது. குடுத்தது யாரோ ஒரு பொம்பள. அவங்க ரத்தத்துலதான் நீங்க இந்த மண்டபத்தக் கட்டி, இந்த மைக்கப் புடிச்சுப் பேசிட்டு இருக்கீங்க."

"அப்ப நான்..."

"நீங்க உங்க அப்பா பையன்தானுங்க. அத மிசினு சொல்ல வேண்டியதில்ல. உங்க அம்மா சொன்னாங்கல்ல, அது போதும். எந்தங்கச்சி சொன்னா மட்டும் ஏன் போத மாட்டேங்குது?"

அவர் கையில் இருந்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ எழுந்து நடந்து வருகிற சத்தம் கேட்டது. தெய்வானை. இத்தனை வருடத்தில் அந்த மேடைக்குப் பக்கத்தில் கூட அவர் வந்ததில்லை என்று பிறகு தமயந்தி சொன்னாள். அவர் கணவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக ஜெரோமிடம் போனார்.

"ஏன் தம்பி, எம் பேரனுக்குப் பாத்தீங்களே. அது இன்னும் அதுக்குள்ள இருக்குமா?"

"இருக்குமுங்க."

"அவனுக்கு எத்தன எழுத்து?"

ஜெரோம் தலைவரிடம் அனுமதி கேட்கவில்லை. தேடினார். கண்டுபிடித்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லு சாமி."

"ஒண்ணுங்கம்மா."

தெய்வானை அழவில்லை. தன் கணவர் பக்கம் திரும்பி, ஒரு கையை நீட்டி, "சாவியக் குடுங்க" என்றார். "எந்தச் சாவி?" என்று அவர் கேட்டார். "காருச் சாவி. போய் அவ கால்ல உழுந்து கூட்டியாரேன். வந்தான்னா வரட்டும். வராட்டி நானும் அங்கியே இருந்துக்கறேன்." சென்னியப்பன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சாவி கைக்கு வர வெகுநேரம் ஆனது.

தெய்வானை போன பிறகு மண்டபம் தானாகவே வழிக்கு வந்துவிட்டது. நம் ஆட்களுக்கு அது கைவந்த கலை. ஏதோ கரண்ட் போய் வந்த மாதிரி எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். "செரி செரி, நேரமாகுது, குழந்தைய உக்கார வைங்க" என்றார் முன்வரிசைக்காரர், சற்று முன் எங்களைக் கிளம்பச் சொன்ன அதே வாயால். ஒப்புக்கு மாமன் போனை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். பின்கட்டில் அடுப்பைத் தூண்டிவிட்டார்கள். மௌலீஸ்வரன் சிரிக்க முயன்றபடி குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

"தப்பா நெனச்சுக்காத தமா. மிசினு அப்படிக் காட்டுனதுனால..."

அதுவரை வாயே திறக்காத என் தங்கை அப்போதுதான் பேசினாள். கத்தவில்லை.

"மிசினு பச்ச காட்டியிருந்தாலும் நான் சொல்லியிருக்கப்போறது ஒண்ணுதான். செவப்பு காட்டுனப்பவும் ஒண்ணுதான். நீங்க யாரக் கேட்டு என்னை நம்புனீங்க, யாரக் கேட்டு நம்பாம போனீங்க?"

"எல்லாரும் இருக்கறப்ப..."

"எல்லாரும் இருக்கறப்பத்தான் நீங்களும் கேட்டீங்க. நான் தனியாக் கூட்டிட்டுப் போயா பதில் சொல்லோணும்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீ உக்காரு" என்றாள்.

மாமனுக்குப் போட்ட பலகையில் நான் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தாள். யாரோ, "பொம்பள மடிலயா?" என்று ஆரம்பித்து, தலைவரைப் பார்த்தார்கள். சென்னியப்பனும் நிமிர்ந்து பார்த்தார். கையில் இருந்த பஞ்சைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, காது குத்த வந்தவரிடம், "குத்துங்க ஆசாரி" என்றார்.

இரண்டு காதுக்கும் ஒரே மூச்சில் அழுது முடித்தான் பையன். சாப்பிடாமல் கிளம்பினோம். மௌலீஸ்வரன் கார் வரைக்கும் வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தமயந்தி அவன் கையை விலக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவளைத் தடுக்கவோ சமாதானம் சொல்லவோ எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியை அவன் கேட்டபோது நானும் அங்கேதானே நின்றேன்.

தாராபுரம் சாலையில் வெகுதூரம் வந்த பிறகுதான் பேசினாள்.

"அக்கா, மாறுன எழுத்து எது?"

ஜெரோம் திரையில் காட்டியதைப் பார்த்து வைத்திருந்தேன். "ஜி இருக்க வேண்டிய எடத்துல ஏ இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. அதனால அவனுக்கு ஒரு கொறையும் வராது."

"அது இவன் பையனுக்குப் போகுமா?"

"போகும். பேரனுக்கும் போகும். நகல் எடுக்க எடுக்க இனிமே அதுதான் வரும்."

குழந்தை அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தான். கம்மலைச் சுற்றிக் காது சிவந்திருந்தது. அவள் அதில் படாமல் தலையை இந்தப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அப்பப் புதுக் கூட்டம்" என்றாள். "இவன்ல இருந்து ஆரம்பம்."